பிரியதத்தம்

நம் பாட்டிமார் ஜெபமாலை சொல்வதைச் சற்றே காது கொடுத்துக் கேட்டால், நாம் இக்காலத்தில் 'அருள்' என்று சொல்லும் இடத்தில் அவர்கள் வேறொரு சொல்லைச் சொல்வது தெரியும். 'பிரியதத்தம்' என்பதே அச்சொல். ஜெபங்கள் புதிய தமிழுக்கு மாறிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. ஆயினும் முதியவர்களின் நாவில் பழைய சொல்லே முந்திக்கொண்டு வருகிறது. பொருள் தெரியாமலேயே நாமும் சிறு வயதில் அவர்கள் மடியிலிருந்து அதைச் சொல்லியிருக்கிறோம்.

'பிரியம்' என்றால் அன்பு. 'தத்தம்' என்றால் கொடுக்கப்பட்டது. அன்பினாலே கொடுக்கப்பட்டது எதுவோ அது பிரியதத்தம். பிள்ளையில்லாதவர்கள் ஒரு குழந்தையைத் 'தத்து' எடுத்தார்கள் என்கிறோமே, அந்தத் தத்தும் இந்தத் தத்தமும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பழைய ஞானோபதேசத்தில் 'இஷ்டப்பிரசாதம்' என்ற பெயரும் உண்டு. பிற சபைகளைச் சார்ந்த நம் சகோதரர்கள் 'கிருபை' என்பார்கள். பெயர் எதுவாயினும் அது குறிப்பது ஒன்றே. நம் மீட்பு நாம் பாடுபட்டு ஈட்டிய கூலியன்று. கடவுள் தம் அன்பினால் மனமுவந்து அளித்த கொடை.

கேட்பதற்கு இது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மனத்தில் இருத்துவது எளிதன்று. ஏனெனில், பொழுது விடிந்தது முதல் நாம் கணக்கிலேயே வாழ்கிறோம். வீட்டுப்பாடத்தை முடித்தால்தான் தொலைக்காட்சி. நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. 34 எடுத்தால் தோல்வி. கல்யாண வீட்டில் அன்பளிப்புக் கொடுப்பதற்கு முன்பு, 'நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எவ்வளவு எழுதினார்கள்?' என்று மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கத்தை நம்மில் அறியாதார் யார்? பெயர் அன்பளிப்பு, உள்ளே இருப்பதோ வரவு செலவு. இப்படி வளர்ந்த நாம், கடவுளையும் ஒரு மொய் நோட்டுக்காரராக நினைத்துவிடுவதில் வியப்பில்லை.

நம் பொருத்தனைகளையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து காவியுடை தரித்து நடந்தே போகிறவர்கள் எத்தனை பேர்! முடி காணிக்கை தருபவர், மணலிலே முழங்காலால் ஊர்ந்து செல்பவர், குணமான கைக்கோ கண்ணுக்கோ வெள்ளித் தகட்டில் உருவம் செய்து வைப்பவர் என்று அங்கே காண்பவை நெஞ்சை உருக்கும். அவர்கள் பக்தியைக் குறைகூற நாங்கள் யார்? ஆயினும் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: நேர்த்திக்கடன். கடன் என்று சொன்னவுடனே கணக்கு வந்துவிடுகிறது. 'மாதாவே, கணக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தால் பத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்' என்பது நம் வயதுப் பெண்கள் பலருக்கும் பழக்கமான ஜெபம். மெழுகுவர்த்தி நன்றியாக எரிந்தால் அது வழிபாடு. விலையாக எரிந்தால் அது வியாபாரம். வெளிப்பார்வைக்கு இரண்டு மெழுகுவர்த்திகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதில் என்ன பெரிய தீங்கு என்று சிலர் கேட்கலாம். தீங்கு உண்டு. கடவுள் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார் என்று நம்புகிறவள், கேட்டது கிடைக்காத அன்று என்ன நினைப்பாள்? 'நான் போதாதவள், ஆகவே அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்றுதானே நினைப்பாள்? ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், மதிப்பெண் குறைந்துவிட்டதென்று தம் உயிரையே வேண்டாமென வெறுத்த பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு அச்செய்திகள் வெறும் செய்திகளாகத் தோன்றுவதில்லை. அப்பிள்ளைகளிடம், 'நீ தேர்ச்சி பெறுவதற்கு முன்பே, எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்பே, நேசிக்கப்பட்டவள்' என்று யாராவது நம்பும்படியாகச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அருளைப் பற்றிய போதனை அதைத்தான் சொல்கிறது. ஆகவே இது குருமடத்துப் புத்தகங்களில் மட்டும் கிடக்கவேண்டிய விஷயமன்று.

இந்தக் கேள்வி திருச்சபையில் மிகப் பழைய கேள்வி. பிரிட்டனிலிருந்து உரோமைக்கு வந்து வாழ்ந்த பெலாஜியுஸ் என்னும் துறவி, மனிதன் தன் மனவுறுதியினாலேயே பாவத்தை விலக்கி நன்னெறியில் நடக்க முடியும் என்று போதித்தார். அவர் கெட்டவர் அல்லர். மக்கள் சோம்பலாகக் கிறிஸ்தவர்களாயிருப்பதைக் கண்டு மனம் வருந்தியவர். அவர் பேச்சைக் கேட்டால் நம் ஆசிரியைகள் தேர்வுக்கு முன் சொல்லும் அறிவுரை போலவே இருக்கும்: முயன்றால் முடியும்! ஆனால் ஹிப்போ நகரத்து ஆயராகிய புனித அகுஸ்தீனார் இதை வன்மையாக மறுத்தார். அவர் தம் வாழ்க்கையிலிருந்தே பேசினார். திருந்தவேண்டும் என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும், திருந்துவதற்கு மனம் வராமல் ஆண்டுக்கணக்கில் தவித்தவர் அல்லவா அவர்? கையைப் பிடித்துத் தூக்க ஒருவர் வராவிட்டால், சேற்றில் விழுந்தவன் தன் தலைமுடியைத் தானே பிடித்துத் தூக்கிக் கரையேற முடியாது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார். 418-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுசின் போதனையைக் கண்டித்தனர். நல்லதை விரும்பத் தொடங்குவதுகூட அருளினால்தான் என்று 529-இல் பிரான்சு நாட்டு ஓராஞ்ச் நகரில் கூடிய சங்கம் தெளிவாக்கியது.

பிற்காலத்தில் திரெந்து பொதுச்சங்கமும் 1547-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் இதையே உறுதிப்படுத்தியது. மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவனாக ஆக்கப்படுவதற்கு முன்னால் அவனிடம் இருக்கும் எதுவும், அவன் நம்பிக்கையோ நற்செயலோ, அந்த அருளுக்கு விலையாகாது என்பது அதன் போதனை. கத்தோலிக்கர் புண்ணியம் செய்து மோட்சத்தை வாங்குகிறவர்கள் என்று நினைப்போர் வெளியே பலர் உண்டு. உள்ளேயும் சிலர் உண்டு! அவர்கள் இதை அறிவது நல்லது.

இத்தனை சங்கங்களையும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கும் குழந்தைத் திருமுழுக்கைப் பார்த்தாலே போதும். அந்தக் குழந்தை என்ன செய்தது? தூங்குகிறது; தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுகிறது. பாவம் வருத்தப்படவில்லை, ஜெபம் சொல்லத் தெரியாது, தன் பெயர்கூடத் தெரியாது. அதைத்தான் திருச்சபை கடவுளின் பிள்ளை என்று அழைக்கிறது. புனித சின்னப்பர் தம் மடல்களில் இதற்கு எடுத்தாளும் உவமை தத்தெடுத்தல் என்பதே. தத்துப்பிள்ளை எந்தத் தேர்விலும் தேறி அவ்வீட்டிற்குள் வருவதில்லை. வந்தபின் அவ்வீட்டுப் பிள்ளையாக வளர்கிறது. அவ்வீட்டு வேலைகளையும் செய்கிறது. எது முன்னே, எது பின்னே என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இயேசு ஆண்டவர் சொன்ன உவமைகளில் எங்கள் வகுப்பில் மிகுந்த விவாதத்தை எழுப்பியது, திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை. மத்தேயு நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில் அது உள்ளது. பூவிருந்தவல்லிப் பக்கத்தில் விடியற்காலையில் சாலைச் சந்திகளில் பார்த்திருக்கிறோம். கரணையும் தூக்குச் சட்டியுமாகக் கொத்தனார்களும் சித்தாள்களும் மேஸ்திரியின் வரவை எதிர்பார்த்து நிற்பார்கள். அக்காலத்து யூதேயாவிலும் அப்படித்தான். தோட்டக்காரர் விடியலில் போய்ச் சிலரை ஒரு தெனாரியம் கூலிக்குப் பேசி அழைத்து வருகிறார். ஒன்பது மணிக்கும், பன்னிரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும், கடைசியில் மாலை ஐந்து மணிக்கும்கூடப் போய் இன்னும் சிலரை அழைக்கிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம் தருகிறார். நாள் முழுதும் வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப்பேர் முணுமுணுத்தவர்கள் பக்கம். 'சிஸ்டர், இது அநியாயம்தானே?' என்று கேட்டவர்களில் ஞானோபதேசத்தில் பரிசு வாங்கியவளும் ஒருத்தி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரவெல்லாம் விழித்துப் படித்தவளுக்கும், கடைசி நாளன்று புத்தகத்தைத் திறந்தவளுக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் யார்தான் பொறுப்பார்கள்?

ஆனால் அந்த ஐந்து மணிக்காரர்கள் யார் என்று சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். எறிபந்து விளையாடக் கட்சி பிரிக்கும்போது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, கடைசியில் யாரும் அழைக்காமல் ஒருத்தி நிற்பாளே, அவளைப் போன்றவர்கள் அவர்கள். மேஸ்திரிமார் காலையில் எவரை அழைப்பார்கள்? வலுவுள்ளவரை. மாலை வரை மிஞ்சி நிற்பவர் கிழவர், நோயாளி, நோஞ்சான். அவர்கள் சோம்பேறிகளாக வீட்டில் படுத்திருக்கவில்லை. நாள் முழுதும் சந்தியில்தான் நின்றார்கள், எவரும் கூப்பிடவில்லை. ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு குடும்பம் ஒரு நாள் வயிறு கழுவுவதற்கானது. ஒரு மணி நேர வேலைக்குக் கணக்குப்படி பன்னிரண்டில் ஒரு பங்குதான் தரவேண்டும். அதைக் கொண்டுபோனால் அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பு எரியாது. தோட்டக்காரர் அவர்களுடைய உழைப்பை அளக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பசியை அளந்தார். காலையில் வந்தவர்களுக்கோ பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார் அத்தோட்டக்காரர். முதலில் வந்தவர்களுக்கு முதலிலேயே கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்; சண்டையே எழுந்திராது. அவர்கள் பார்க்கவேண்டும் என்றே அப்படிச் செய்தார் போலும். அவர்களுடைய புகாரும் 'எங்களுக்குக் குறைந்துவிட்டது' என்பதன்று. 'அவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே' என்பதுதான். அருளைக் கண்டு நமக்குக் கோபம் வருவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நமக்குக் கிடைத்ததில் நமக்கு மனக்குறை இல்லை. அடுத்தவளுக்குக் கிடைத்ததில்தான்!

இவ்விடத்தில் நம் ஊருக்கு மிக அருகிலுள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சென்னீர்குப்பத்தை அடுத்த பூவிருந்தவல்லியில் வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே திருக்கச்சி நம்பிகளுக்கு ஒரு சந்நிதி உண்டு. நம்பிகள் பதினோராம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்தவர், வைசிய குலத்தவர், இராமாநுசர் தம்மினும் பெரியவராகப் போற்றிய அடியார். காஞ்சிபுரத்துப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதையே தம் தொண்டாகக் கொண்டிருந்தார். பெருமாள் அவரோடு நேரில் உரையாடுவார் என்பது வைணவர் நம்பிக்கை. ஒருநாள் நம்பிகள் தமக்கு மோட்சம் உண்டோ என்று கேட்டாராம். அதற்குப் பெருமாள், நீர் வீசியதற்கும் நாம் பேசியதற்கும் சரியாகப் போயிற்று என்ற பொருள்பட விடையளித்தாராம். வீசினவருக்குக் கூலி பேச்சு, கணக்குத் தீர்ந்தது! மோட்சம் அந்தக் கணக்கில் வராது. இக்கதையை நம் வகுப்பிலுள்ள வைணவத் தோழி ஒருத்தி சொன்னபோது நாங்கள் முதலில் சிரித்தோம், பிறகு சிந்தித்தோம். இராமாநுசருக்காக நம்பிகள் கேட்டுப் பெற்ற ஆறு வார்த்தைகளிலும் சரணாகதியே வழி என்பது ஒன்று; சரணடைந்தவர் இறுதி மூச்சின்போது இறைவனை நினைக்க இயலாமற் போனாலும் கைவிடப்படார் என்பது இன்னொன்று.

பிற்காலத்தில் வைணவர்களுக்குள்ளேயே இதுபற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. குரங்குக் குட்டி தன் தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதுபோல மனிதனும் பற்றிக்கொள்ளவேண்டும் என்பர் வடகலையார். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே வாயில் கவ்வித் தூக்கிச் செல்கிறது. அதுபோல இறைவனே எல்லாம் செய்கிறான் என்பர் தென்கலையார். நம் மறையும் அவர்கள் சமயமும் ஒன்றென்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அருளைப் பற்றிப் பேச விரும்பும் கிறிஸ்தவர்கள் இந்த இரண்டு குட்டிகளையும் தெரிந்துகொள்வது நல்லதென்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நாம் பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா? கத்தோலிக்கப் போதனையை நாங்கள் புரிந்துகொண்ட அளவில், முதலில் பூனைக்குட்டிதான். தாய் வந்து தூக்காவிட்டால் ஒன்றும் நடவாது. ஆனால் தூக்கியபின் நமக்குக் கைகள் முளைக்கின்றன. பற்றிக்கொள்ளலாம், திமிறிக்கொண்டு குதிக்கவும் செய்யலாம். கடவுள் யாரையும் கட்டாயப்படுத்தி மோட்சத்துக்கு இழுத்துச் செல்வதில்லை. பற்றிக்கொள்ளும் கையும் அவர் தந்ததே என்பதால் அதற்காகவும் பெருமை பேச இடமில்லை. சிறுமலர் என்று நாம் அழைக்கும் புனித குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் இதற்குக் கூறிய உவமை இன்னும் அழகானது. அவர் காலத்தில்தான் செல்வர் வீடுகளில் 'லிப்ட்' வரத் தொடங்கியிருந்தது. புனிதத்தின் படிக்கட்டில் ஏறத் தமக்குக் கால் போதாது என்று கண்ட அவர், இயேசுவின் கைகளே தம்மை மேலே தூக்கும் லிப்ட் என்று எழுதினார். 1897-இல் தம் 24-ஆம் வயதில் இறந்த இந்தக் கன்னியர்மடத்துப் பெண்ணை 1997-இல் திருச்சபை மறைவல்லுநராக உயர்த்தியது. அவர் கடவுள்முன் வெறுங்கையோடு நிற்கவே விரும்பினார்.

தமிழ் மண்ணில் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் இதைக் குறித்துச் சண்டையிட்டுக்கொண்ட வரலாறும் உண்டு. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் தோழரும் மார்ட்டின் லூத்தரின் வழியில் வந்தவர்கள். மீட்பு விசுவாசத்தினால் மட்டுமே என்பது அவர்கள் முழக்கம். சில ஆண்டுகளுக்குள் இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவர், அவர்களை மறுத்து வேதவிளக்கம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். இரு தரப்பிலும் சூடான சொற்கள் பறந்தன. தமிழ் உரைநடை வளர்ந்தது என்பது அச்சண்டையால் விளைந்த நன்மை! ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஓர் உடன்பாட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அன்றி, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையின் வழியாக நாம் கடவுளால் ஏற்கப்படுகிறோம் என்பதில் இருவரும் ஒருமனப்பட்டனர். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் சேர்ந்துகொண்டனர். தெருவில் எதிரெதிரே கோயில் வைத்திருக்கும் நமக்கும் நம் பிற சபைச் சகோதரர்களுக்கும் இது பெரிய செய்தி. ஆனால் நம் ஊர்களில் பலருக்கும் இது இன்னும் தெரியாது.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். எல்லாம் இனாமாகக் கிடைக்குமென்றால் நல்லவளாக இருப்பது எதற்கு? பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று துணிந்து பாவம் செய்யலாமே?

இனாம் என்பதற்கும் மலிவு என்பதற்கும் பேதம் உண்டு. பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளுக்கு நாம் காசு தருவதில்லை; ஆனால் அதற்குக் காசே ஆகவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். நம் மீட்புக்கும் விலை உண்டு. கல்வாரியில் அது செலுத்தப்பட்டது. வாங்குகிறவனுக்கு இனாம், கொடுத்தவருக்கு உயிர். இட்லரை எதிர்த்ததால் 1945-இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோபர், மனமாற்றமில்லாத 'மலிவான கிருபை'யைத் திருச்சபையின் பகைவன் என்று கருதினார். கொடையைப் பெற்றுக்கொண்டு கொடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் போகிறவன், உண்மையில் அதைப் பெற்றவனே அல்லன்.

ஆனால் மனமாற்றம் முதலில் வந்து மன்னிப்பு பிறகு வரவேண்டும் என்றுதான் நம் புத்திக்குப் படுகிறது. முதலில் மன்னிப்பு வந்து அதனால் மனமாற்றம் விளைந்ததை நம் நாடே ஒருமுறை கண்டிருக்கிறது.

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழி என்னும் ஊரில் 1954-இல் பிறந்தவர் சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் ஏழைப் பழங்குடி மக்களிடையே உழைத்தார். வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்தவர்களுக்கு வங்கிக் கடன் பெற வழிகாட்டினார். இது பிடிக்காத சிலர் ஓர் இளைஞனை ஏவிவிட்டனர். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகும் பேருந்தில், பிற பயணிகள் கண்ணெதிரிலேயே அவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். சகோதரிக்கு வயது 41.

ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தவனை அவன் வீட்டாரும் கைவிட்டனர். தன்னை ஏவியவனைப் பழிவாங்கவேண்டும் என்ற வெறி ஒன்றே அவனுக்கு மிஞ்சியது. அந்நிலையில் ஒரு குருவானவர் அவனைச் சிறையில் சென்று கண்டு பேசிவந்தார். பின்பு 2002 ஆகஸ்டில், இறந்தவரின் உடன்பிறந்த தங்கையும் அதே சபைக் கன்னியருமான சகோதரி செல்மி பால் அச்சிறைக்குச் சென்றார். வடநாட்டு வழக்கப்படி அவன் கையில் ராக்கிக் கயிற்றைக் கட்டி, அவனைத் தம் அண்ணனாக ஏற்றுக்கொண்டார். அக்காளைக் கொன்ற கையில் தங்கை ராக்கி கட்டினாள்! தாயும் அவனை மன்னித்தார். அவனுடைய விடுதலைக்கு அக்குடும்பத்தாரே சம்மதித்துக் கையெழுத்திட்டனர். 2006-இல் அவன் விடுதலையானான்.

அவன் அதற்குத் தகுதியாக என்ன செய்தான்? ஒன்றுமில்லை. சிறையில் நல்லவனாக நடந்து காட்டியபின் அவர்கள் மன்னிக்கவில்லை. மன்னித்தபின்தான் அவன் வேறு மனிதனானான். பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, தன் ஊருக்குத் திரும்பி நிலத்தை உழுது வாழத் தொடங்கினான். சகோதரியின் கல்லறைக்குப் போய்வருவதை வழக்கமாக்கிக்கொண்டான். இது யாரும் விதிக்காத நேர்த்திக்கடன். கடனென்றும் அதைச் சொல்ல முடியவில்லை.

எங்கள் வகுப்பில் இதைப் படித்தபோது ஒருத்தி, 'நம் அக்காவாக இருந்தால் நம்மால் முடியுமா?' என்று கேட்டாள். முடியும் என்று எவரும் சொல்லவில்லை. சிஸ்டர் அவர்களும் சொல்லவில்லை. அப்படி மன்னிக்கும் பலமும் கொடையாக வந்தால்தான் உண்டு என்று மட்டும் சொன்னார்கள்.

2017 நவம்பர் 4-ஆம் நாள் இந்தூரில் நடந்த திருப்பலியில் சகோதரி ராணி மரியா முத்திப்பேறு பெற்றவர் என அறிவிக்கப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த அந்தக் கூட்டத்தில், அவரைக் கொன்றவரும் வந்து அமர்ந்திருந்தார்.